குப்பைப் பையில் ஊசி: வடசென்னைத் தெரு ஒன்றில் நேர்ந்த காயமும் அடுத்த ஆறு மாதங்களும்

பின்னணி

தண்டையார்பேட்டைக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில், குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் லாரி உள்ளே நுழைய முடியாத குறுகிய தெரு ஒன்றில், குப்பைப் பையில் கிடந்த ஊசி ஒரு துப்புரவுப் பணியாளரின் கையில் குத்திய இந்த நிகழ்வு நடந்தது. ஒரே வாசலுக்குள் நான்கைந்து ஒண்டுக் குடித்தனங்கள் இருக்கும் பழைய வீடுகளும், அவற்றை இடித்துவிட்டு எழுப்பிய மூன்று மாடிக் கட்டடங்களும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. பேட்டரி வண்டியில் ஓட்டுநர் ஒருவரும் பணியாளர் ஒருவருமாகச் சென்று, விசில் ஊதி, வீடு வீடாகக் குப்பையை வாங்கி, மெயின் ரோட்டில் நிற்கும் லாரியில் சேர்ப்பது அங்கு வழக்கமான ஏற்பாடு. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கீழ் நான் அப்போது அந்தத் தெருக்களுக்குச் சூப்பர்வைசராக இருந்தேன்.

காயமடைந்தவர் நாற்பது வயதைக் கடந்த பெண் பணியாளர். இந்த வேலையில் நீண்ட அனுபவம் உள்ளவர். எந்த வீட்டில் எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்பது வரை அறிந்தவர். பெயரும் தெருவும் வெளியே தெரியாது என்ற உறுதியின் பேரில், நடந்ததை எழுத அவர் சம்மதித்தார். ஊசி வந்த வீட்டுக்காரர்களும் அவ்வாறே சம்மதித்தார்கள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை முதலில் குறித்துவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பைக் குப்பையை உண்டாக்குபவர் மீதே வைத்தன. வீட்டில் பயன்படுத்திய ஊசியும் சிரிஞ்சும் மூன்றாவது வகையில் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருந்தன. பணியாளருக்குச் சீருடை, ஒளிரும் மேற்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் ஆகியவை தரப்பட வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. எங்கள் தெருவில் அன்று நிலவிய நடைமுறையோ வேறு: எல்லாக் குப்பையும் ஒரே கேரி பேக்கில், வாய் இறுகக் கட்டப்பட்டு வந்தது.

காயத்துக்கு முன் கவனித்தவை

பணியாளர்கள் அந்தப் பைகளை ஏன் கையால் அவிழ்க்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. தரம் பிரிக்காத குப்பையை வண்டியில் ஏற்றினால் லாரியடியில் கேள்வி வரும் என்பது ஒரு காரணம். பால் கவர், தண்ணீர் பாட்டில், அட்டை ஆகியவற்றைத் தனியே எடுத்துக் காயலான் கடையில் போட்டால் அன்றைய டீச்செலவும் பேருந்துச் செலவும் தேறும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தைப் பேராசை என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வாங்கும் கூலியையும் வடசென்னையில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையையும் அருகருகே வைத்துப் பார்த்த எவரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

கையுறை விஷயமும் இதனோடு சேர்ந்ததுதான். கொடுக்கப்பட்டவை, உள்ளங்கைப் பக்கம் மட்டும் ரப்பர் தோய்த்த நூல் கையுறைகள். சாம்பாரும் மீன் கழுவிய நீரும் ஊறிய பிறகு அவை வழுக்கும். இறுகிய முடிச்சை அவிழ்க்க வராது. அதனால் பெரும்பாலானோர் ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு, மறு கையால் முடிச்சை அவிழ்ப்பார்கள். இது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது.

அந்தத் தெருவில் ஊசி கிடைப்பதும் புதிதன்று. சில வாரங்களாகவே, சிவப்பு மூடி போட்ட, 40 யூனிட் அளவுள்ள இன்சுலின் சிரிஞ்சுகள் அவ்வப்போது தென்பட்டன என்று பின்னர் விசாரித்தபோது தெரிந்தது. பணியாளர்கள் தங்களுக்குள், “அந்த வாசல் பைய பாத்து எடு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை வாய்மொழியாகவே சுற்றி வந்ததே தவிர, எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஏற்றுவதற்கென்று ஒரு பதிவேடும் இருக்கவில்லை.

அன்று காலை

ஏழு மணியைத் தாண்டிய நேரம். ஒண்டுக் குடித்தன வாசல் ஒன்றிலிருந்து வந்த கறுப்புப் பையின் முடிச்சை அவர் கையுறையில்லாத இடது கையால் அவிழ்த்து, உள்ளே கைவிட்டுப் பால் கவர்களை எடுக்க முயன்றபோது, கட்டை விரலின் அடிப்பகுதியில் ஏதோ குத்தியது. மீன் முள் என்றுதான் முதலில் நினைத்ததாகச் சொன்னார். காசிமேட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் தெருக்களில் மீன் முள் குத்தாத நாளே கிடையாது. அதற்காக யாரும் கையைப் பார்ப்பதில்லை. கையை வெளியே இழுத்தபோது, மூடியில்லாத சிரிஞ்சு ஒன்று சதையில் தொங்கிக்கொண்டு வந்தது. பைக்குள் அதைப் போல இன்னும் சிலவும், மருந்து வாடை வீசும் பஞ்சும், சீழும் இரத்தமும் படிந்த கட்டுத் துணியும் இருந்தன.

அவர் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குத்திய இடத்தை அழுத்தி அழுத்தி இரத்தத்தைப் பிதுக்கினார். பக்கத்து டீக்கடைக்காரர் கொடுத்த காபித்தூளை அப்பி, துணிக் கிழிசலால் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். “யக்கா, சார்கிட்ட சொல்லிடலாம்க்கா” என்று ஓட்டுநர் தம்பி சொன்னதற்கு, “சும்மா இரு தம்பி, மஸ்டர்ல ஆப்சென்ட் போட்டுடுவாங்க” என்பதே அவர் பதில். ஒன்பதரை மணி வாக்கில் லாரியடியில் வண்டியைக் காலி செய்தபோதுதான், அவருக்குத் தெரியாமல், ஓட்டுநர் என்னிடம் வந்து சொன்னார்.

முதல் முடிவு: வேலையை நிறுத்துவது

அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன். முதலில் மறுத்தார், பிறகு கட்டை அவிழ்த்துக் காட்டினார். ஒரு புள்ளி அளவே காயம் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு மதியம் வரை வேலையை முடித்துவிட்டு, மாலையில் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றார். நான் உடன்படவில்லை. காரணத்தை அவரிடம் சொன்னபடியே இங்கும் எழுதுகிறேன். பயன்படுத்திய ஊசியால் வரக்கூடியவை முக்கியமாக மூன்று: எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் சி-க்கு அது சுமார் 1.8 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. அந்தக் கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரையைக் காயம்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. 72 மணி நேரம் கடந்தால் தொடங்கிப் பயனில்லை. இரண்டு மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

மெயின் ரோட்டுத் திருப்பத்தில் இருந்த அடிபம்பில் ஓட்டுநர் தண்ணீர் அடிக்க, அவர் காபித்தூள் முழுவதும் போகும்படி சோப்புப் போட்டு ஓடும் நீரில் கையைக் கழுவினார். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், டெட்டால் ஊற்றி எரிய விட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பிதுக்குவதால் கிருமி வெளியேறுவதில்லை. திசுதான் இன்னும் நைந்துபோகிறது.

குத்திய சிரிஞ்சை எடுத்துவந்து பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்று மற்ற பணியாளர்கள் வற்புறுத்தினார்கள். கீழே கிடக்கும் ஊசியைச் சோதித்து எதையும் உறுதி செய்ய இயலாது. அதைத் தூக்கி அலைபவருக்கும் குத்தும் ஆபத்து மட்டுமே மிச்சம். ஆகவே அதையும் பையில் இருந்த மற்றவற்றையும் இடுக்கியால் எடுத்து, திருகு மூடியுள்ள கெட்டியான காலி பினாயில் புட்டியில் போட்டு மூடி, அபாயக் குப்பையாகத் தனியே வைத்தோம். பையில் என்னென்ன இருந்தன என்பதை மட்டும் எழுதிக்கொண்டேன். மருத்துவருக்கு உண்மையில் தேவைப்பட்ட தகவலும் அதுவே.

மருத்துவமனையில்

அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றோம். “கையில் காயம்” என்று மட்டும் சொன்னால் கட்டுப்போடும் வரிசைக்கே அனுப்புவார்கள் என்பதால், “குப்பையில் கிடந்த பயன்படுத்திய ஊசி குத்திவிட்டது, மணி ஏழேகால், இரத்தம் வந்தது” என்று ஓ.பி. சீட்டு எழுதும் இடத்திலேயே தெளிவாகச் சொன்னோம். அந்த ஒரு வாக்கியம் எங்களை நேராக உரிய மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதைப் படிக்கும் சூப்பர்வைசர்கள் அதை மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளலாம்.

டி.டி. போட்டார்கள். முன்பு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதுண்டா என்று கேட்டார்கள்; இல்லை என்றார். அந்தத் தடுப்பூசியின் முதல் தவணை அன்றே போடப்பட்டது. அடுத்தவை ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் என்று தேதி குறித்தார்கள். எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் தனியறையில் பேசி, சம்மதம் பெற்று, அடிப்படைப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார். அந்த நேரம் நான் வெளியே நின்றேன். அவரே உள்ளே அழைத்திருந்தாலும் தயங்கியிருப்பேன். 28 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரையின் முதல் வேளையை நண்பகலுக்குள் விழுங்கிவிட்டார்.

தெருவில் எழுந்த தகராறு

நாங்கள் மருத்துவமனையில் இருந்த நேரத்தில் தெருவில் வேறொன்று வளர்ந்திருந்தது. செய்தி கேட்டு மற்ற வண்டிக்காரர்களும் கூடி, அந்தப் பையை அதே வாசலில் கொட்டிவிட வேண்டும், அந்தத் தெருவிலேயே இனிக் குப்பை எடுக்கக் கூடாது என்று நின்றார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. தினமும் தம் கையில் வந்து விழும் பையைக் கட்டுபவர், அந்தக் கையைப் பற்றி ஒரு கணமும் நினைக்கவில்லை என்பது யாருக்குத்தான் பொறுக்கும்? வாசலில் இருந்தவர்களோ, “நாங்க இன்னா வேணும்னா குத்துனோம்? பிரிச்சு எடுக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?” என்று எதிர்க்குரல் எழுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அங்கே எடுத்த முடிவுகளைப் பற்றிப் பின்னர் என்னிடம் பலர் வாதிட்டிருக்கிறார்கள். அதனால் காரணங்களோடு எழுதுகிறேன். படம் எடுப்பதை நிறுத்தச் சொன்னேன்; காயமடைந்தவரின் முகமோ அந்த வீட்டின் கதவெண்ணோ வெளியே போனால் இருவருக்கும் அது நெடுநாள் நிற்கும். பையைத் திரும்பக் கொட்ட விடவில்லை. கொட்டியிருந்தால், எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஊசி ஏதேனும் வாசலில் விளையாடும் பிள்ளையின் காலில் ஏறியிருக்கலாம். அந்தப் பை யாருடையது என்று தெருவில் வைத்து விசாரிக்க மறுத்தேன். மறுநாள் காலை, வண்டி வரும் முன், நானும் துப்புரவு ஆய்வாளரும் மட்டும் அந்த வாசலுக்குச் சென்றோம்.

உள்ளே இருந்தவர் சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணோடு படுத்திருந்த முதியவர். மருமகள் இரண்டு வேளையும் இன்சுலின் போடுகிறார். கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வந்து போகிறார். சிரிஞ்சை என்ன செய்வது என்று மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளைகள் கையில் கிடைக்கக் கூடாது என்று குப்பைக்கு நடுவில் புதைத்து, பையை இறுகக் கட்டிக் கொடுத்ததாக அந்தப் பெண் சொன்னார். அழுதார். ஒளித்துக் கட்டியதை அவர் பத்திரம் என்றே நம்பியிருந்தார். எங்கள் பணியாளர் காயத்தை மறைத்ததும் இவர் ஊசியை மறைத்ததும் ஒரே விதமான பயத்தால் என்று எனக்குப் பட்டது. தண்டனையைக் கூட்டினால் இரண்டுமே இன்னும் ஆழமாக ஒளியும். ஆகவே அபராதம் இந்த முறை வேண்டாம் என்று நான் பரிந்துரைத்தேன். ஆய்வாளர் எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டார்.

முதியவருக்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள் என்ற கோரிக்கை பணியாளர்களிடமிருந்து வந்தது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இன்படி, ஒருவரின் சம்மதமில்லாமல் அவரைப் பரிசோதிக்கவோ முடிவை வெளியிடவோ கூடாது. நான் கேட்கவில்லை. முதியவர் தாமாகவே முன்வந்து பரிசோதித்துக்கொண்டு, முடிவை மருத்துவரிடம் சேர்ப்பித்தார். ஆனாலும் அந்த வாசலில் ஐந்து குடித்தனங்களும் ஒரே பையில் குப்பையைப் போட்டு வந்தது தெரியவந்ததால், குத்திய ஊசி யாருடையது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை; மாத்திரையை 28 நாளும் முடிப்பது என்றே மருத்துவர் தீர்மானித்தார்.

இருபத்தெட்டு நாள்

காயத்தைவிட இந்த நாட்களே அவருக்குக் கடினமாக இருந்தன. குமட்டலும் தலைசுற்றலும் முதல் வாரத்தில் அதிகம். வெயிலில் குப்பை வாடைக்கு நடுவே நிற்க முடியவில்லை. மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை நேரத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றிக்கொண்டதும் ஓரளவு தணிந்தது. இறுதிப் பரிசோதனை முடியும் வரை தாம்பத்தியத்தில் ஆணுறை வேண்டும், இரத்த தானம் கூடாது என்று ஆலோசகர் சொன்னதை வீட்டில் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று அவர் தவித்தார். அடுத்த முறை கணவரையும் அழைத்துவரச் சொல்லி, ஆலோசகரே விளக்கிய பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

வேலையிடத்தில் பேச்சு அதைவிட மோசமாக இருந்தது. “எய்ட்ஸ் மாத்திரை சாப்புடுறா” என்று ஒரு வாய் சொல்லப் பத்து வாய் சுற்றியது. டீக்கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப் வந்தது என்பதை ஓட்டுநர் சொல்லித்தான் அறிந்தேன். அவருடைய பெயரை எடுக்காமல், காலை வருகைப் பதிவு நேரத்தில் எல்லோருக்கும் பொதுவாக, ஊசி குத்தினால் யாராக இருந்தாலும் சாப்பிட வேண்டிய தடுப்பு மருந்து அது, நோய்க்கான அடையாளமன்று என்று விளக்கினேன். மருத்துவமனை ஆலோசகர் ஒருவர் ஒருநாள் வந்து பேசியதும் உதவியது. டீக்கடைக்காரரிடம் நான் தனியாகப் பேசினேன். கண்ணாடி டம்ளர் திரும்பியது.

கூலி

தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், வேலையின்போது நேர்ந்த காயத்தால் வேலை செய்ய முடியாமல் போனால், கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஆனால் விபத்து நடந்த நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாளாவது முடங்கியிருந்தால்தான் அது பொருந்தும். ஊசி குத்திய காயம் ஒருவரை அப்படி முடக்குவதில்லை. இங்கே ஒரு நாள், அங்கே அரை நாள் என்று மருத்துவமனை நடையாகவே நாட்களைத் தின்கிறது. அந்த இடைவெளியில்தான் இவர்களுடைய கூலி விழுகிறது. அந்தப் பயமே அன்று காலை அவர் வாயைக் கட்டியது. விபத்து அறிக்கையை அன்றைக்கே எழுதி அனுப்பியிருந்ததால், மருத்துவமனைக்குச் சென்ற நாட்களையெல்லாம் பணி நாளாகவே கணக்கிட வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்க முடிந்தது. நிறுவனம் முதலில் தயங்கியது. இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டது.

தெருவில் ஏற்பட்ட மாற்றம்

ஊசி உள்ள வீடுகள் கெட்டியான, திருகு மூடியுள்ள காலிப் புட்டி ஒன்றில் அவற்றைச் சேர்த்து, சிவப்பு மையால் “ஊசி” என்று எழுதி, வாரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் கையில் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தோம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சிவப்புப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டது. முதல் வாரங்களில் அதில் பழைய பேட்டரியும் காலாவதியான மாத்திரையுமே வந்தன. அவையும் அபாயக் குப்பைதான் என்பதால் மறுக்கவில்லை. அந்த முதியவரின் மருமகளே பக்கத்து வாசல்களில் இன்சுலின் போடுபவர்களிடம் சொல்லிப் புட்டி வைக்கச் செய்தார். எதிர்பார்த்ததைவிட அதிகம் வீடுகளில் இன்சுலின் இருந்தது.

பெட்டி வைத்த பிறகு இன்னொன்றும் வெளிப்பட்டது. வீட்டில் யாரும் பயன்படுத்தாத பெரிய சிரிஞ்சுகளும் சலைன் குழாய்களும் ஒரு மூலையிலிருந்து தொடர்ந்து வந்தன. சிறு கிளினிக் ஒன்று தன் கழிவை வீட்டுக் குப்பையில் கலந்து வந்தது. கிளினிக்குகளுக்கு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016 தனியே உள்ளன: கூர்மையான பொருள்களைத் துளைக்க முடியாத வெள்ளை நிறக் கலனில் போட்டு, அனுமதி பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். இங்கே அறியாமை என்ற விளக்கம் செல்லாது. இதில் நான் பரிந்து பேசவில்லை. ஆய்வாளர் நடவடிக்கை எடுத்தார், வரத்து நின்றது.

பையை அவிழ்ப்பது பற்றிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் காயமடைந்த பணியாளரேதான். கட்டிய பையை வாங்காமல், வண்டித் தொட்டியின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, “நீங்களே அவுத்துக் கொட்டிடுங்கம்மா” என்று சொல்லி நிற்பார். திட்டியவர்களிடம் பதில் பேச மாட்டார். மூடியைத் திறந்தபடியே காத்திருப்பார். மாடி வீட்டிலிருந்து பையை வீசியவர்கள்கூடச் சில வாரங்களில் இறங்கிவந்து கொட்டினார்கள். ஒரு வாசலுக்கு ஆகும் நேரம் கூடியதால், அந்த வண்டிக்கு ஒதுக்கிய தெருக்களில் ஒன்றைக் குறைத்தோம்.

அவருக்கு ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் எடுத்த பரிசோதனைகள் எல்லாவற்றிலும் எந்தத் தொற்றும் இல்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் முடிந்தன. அவர் அதே தெருவில் வேலை செய்கிறார்.

மாற வேண்டியவை

ஊசிக் குத்துப் பட்டவர் யாரிடமும் அனுமதி கேட்காமல், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஓட்டுநரோடு நேராக மருத்துவமனைக்குச் செல்லலாம் என்ற உத்தரவு எழுத்தில் வேண்டும். சூப்பர்வைசரைத் தேடும் நேரம்தான் அந்த இரண்டு மணி நேரத்தைத் தின்கிறது. எங்கள் வண்டிகளில் இப்போது மருத்துவமனையில் சொல்ல வேண்டிய அந்த வாக்கியமும் 72 மணி நேர எல்லையும் ஒரு அட்டையில் ஒட்டப்பட்டுள்ளன. குத்தாமல் தப்பிய ஊசிகளையும் எழுதிவைக்க ஒரு நோட்டு வண்டியிலேயே இருக்கிறது. எழுதத் தயங்குபவர்களுக்காக ஓட்டுநர் எழுதுகிறார்.

கையுறையைத் தடிமனானதாக மாற்றினார்கள். அது கண்ணாடிச் சில்லுக்குப் பயன்படும். ஊசியை எந்தக் கையுறையும் முழுதாகத் தடுப்பதில்லை. கையைப் பைக்குள் விடாமல் இருப்பதே தடுப்பு; காயலான் கடைக் காசுக்கு ஈடாகக் கூலியில் ஏதேனும் சேராதவரை அதை யாரிடமும் முழுமையாக எதிர்பார்க்க முடியாது. இந்தக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, வேலையில் சேரும் முன்பே தொடங்க வேண்டியது. எங்கள் குழுவின் நிரந்தர முகங்கள் அனைவருக்கும் முகாம் வைத்துப் போட்டாகிவிட்டது. ஒருவர் விடுப்பு எடுத்தால் அவருக்குப் பதிலாக வந்து, ஒரு வாரமோ பத்து நாளோ வேலை செய்துவிட்டுப் போகும் மாற்று ஆட்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. முதல் தவணைகூட அவர்களுக்குப் போடப்படவில்லை. தெருவைப் பற்றியும் வாசல்களைப் பற்றியும் மற்றவர்களுக்குத் தெரிந்த எதுவும் தெரியாமல் பையில் கைவிடுபவர்கள் அவர்களே என்பதால், அடுத்த முகாமில் முதல் பெயர்கள் அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.